கட்டாரில் ஒரு கண்ணாடித் தொட்டியும் நம்மட சுண்ணாம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வளைகுடாவில் சாரதி வேலை, வீட்டு வேலை, தோட்ட வேலை என்று இருக்கும் நம்மட தம்பிமார், நானாமாரின் தலையில் சிலநேரம் முதலாளியின் கடல்நீர்த் தொட்டியும் வந்து விழும். அப்படி ஒரு தொட்டியைப் பொறுப்பெடுத்தவர்களுக்கும், தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். நம்ம எல்லாருக்கும் கடல் பக்கத்தில்தானே கிடக்கிறது.

என் தம்பி தோஹாவில் ஒரு வீட்டில் சாரதி. அந்த வீட்டு ஹோலில் 400 லீட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. மீன் மட்டுமில்லை, உயிருள்ள முருகைக்கற்களும் அதற்குள். கிழமைக்கு ஒருதரம் கொம்பனிக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போவான். போன வருடம் ஜூன் மாதத்தோடு அவன் வரவில்லை. கபீல் விடுமுறைக்கு வெளிநாடு போகும்போது, "நீ பார்த்துக்கொள்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓகஸ்ட் நடுவில் ஒரு நாள் இரவு, நமக்குப் பதினொன்றரை, அவனுக்கு ஒன்பது மணி, வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"ராத்தா, தொட்டிக் கல்லெல்லாம் வெள்ளையாப் பெய்த்து. ஒரு கொத்து அறுநூறு ரியாலாம். கபீல் வந்து சம்பளத்துல வெட்டினா நான் என்ன செய்ற?"

அவனுக்கு மாதம் 1,500 ரியால். அதில்தான் போன கடனும் கட்டவேண்டும், வாப்பாவின் மருந்தும் எடுக்கவேண்டும். தொட்டிக்குள் ஐந்தாறு கொத்து இருந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முருகைக்கல் என்று பெயரில் கல் இருந்தாலும் அது உயிர். சின்னச் சின்னப் பொலிப்புகள் கூட்டமாக இருந்து, கடல்நீரில் உள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுதான் நாம் காணும் கல். பொலிப்பின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கும். அவை ஒளித்தொகுப்பு செய்து வீட்டுக்காரனுக்குச் சாப்பாடு கொடுக்கும். நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதுதான். ஆகவே "வெள்ளையாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்கவேண்டியது, எந்த வெள்ளை என்பதுதான்.

மூன்று வெள்ளை இருக்கிறது. ஒன்று, அல்காக்கள் வெளியேறி, தசை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே உள்ள கல் தெரிவது. வெளிறல் என்பது இதுதான். உற்றுப் பார்த்தால் பொலிப்புகள் இன்னும் அசையும். அது உயிரோடு இருக்கிறது, பட்டினியில் இருக்கிறது. இரண்டாவது, தசையே உரிந்து வெறும் எலும்பு மிஞ்சுவது. அது பெரும்பாலும் அடியிலிருந்து மேலே ஏறும். உரிந்த இடம் செத்த இடம். மூன்றாவது, கிளைகளின் நுனி மட்டும் வெள்ளையாக இருப்பது. நன்றாக வளரும் கிளைக்கும் நுனி வெள்ளையாக இருக்கும், கருகும் கிளைக்கும் இருக்கும். வளரும் நுனியில் பொலிப்பு தெரியும். கருகிய நுனி மொட்டையாக இருக்கும்.

தம்பி அனுப்பிய படமெல்லாம் நீல வெளிச்சத்தில் எடுத்தவை. நீலத்தில் எல்லாமே வடிவாகத்தான் தெரியும். வெள்ளை லைட்டை மட்டும் போட்டுத் திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று கிளைக் கொத்துகளுக்கு நுனி கருகியிருந்தது. ஒன்று அடியிலிருந்து உரியத் தொடங்கியிருந்தது. நீண்ட விரல்கள் உள்ள இனம் ஒன்று சுருங்கி உள்ளே போய்க் கிடந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். தொட்டி கெட்டுப்போகும்போது மனிசனுக்கு வரும் முதல் எண்ணம், எதையாவது ஊற்றவேண்டும் என்பது. அலுமாரிக்குள் பத்துப் போத்தல் இருக்கும்போது அந்த எண்ணம் இன்னும் கூடும். நான் அவனிடம் சொன்னது: "மூன்று நாளைக்கு ஒன்றும் போடாதே. அளந்து எழுது. ஒரு கொப்பி வாங்கு."

முதலில் அளக்கவேண்டியது உப்பு. ஏனென்றால் மற்ற எல்லா எண்களும் உப்போடு சேர்ந்து ஏறி இறங்கும். கடல்நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. தன்னீர்ப்பு அளவில் ஏறக்குறைய 1.026. அவன் அளந்தபோது 1.029 வந்தது. ஆயிரத்துக்கு 38க்கும் மேல்.

எப்படி ஏறியது? ஏசி காற்று காய்ந்த காற்று. அந்தத் தொட்டியில் ஒரு நாளைக்கு 5 லீட்டர் அளவு ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்பவேண்டும். அந்த வேலையைச் செய்யும் தன்னியக்க மிதவை இறுகிப் போயிருந்தது. மட்டம் குறைவதைக் கண்ட வீட்டு ஆட்கள், கடல் தொட்டிக்குக் கடல் தண்ணீர்தானே என்று, பக்கத்தில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 லீட்டர்படி எட்டு நாள் ஊற்றினாலே 35 என்பது 38ஐத் தாண்டிவிடும்.

திருத்தும் கணக்கும் தரம் 10 கணக்குத்தான். 38.4ஐ 35க்குக் கொண்டுவர 400 லீட்டரில் கிட்டத்தட்ட 35 லீட்டரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விடவேண்டும். ஒரே நாளில் செய்தால் உள்ளே உள்ள உயிர்கள் தாங்காது. ஒரு நாளைக்கு 6 லீட்டர், ஆறு நாள். ஆர்.ஓ. வடிகட்டியில் வந்த தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றேன்.

அடுத்து மற்ற எண்கள். முதல் கிழமை அவன் கொப்பியில் எழுதியது இது:

பீ.எச். காலையில் 7.8.
காரத்தன்மை 13.4 டீ.கே.எச்.
கல்சியம் 360 பிபிஎம்.
நைத்திரேற்று 2.
பொசுபேற்று அளவில் தெரியவில்லை.
வெப்பநிலை 26 பாகை.

கடல்நீரில் பீ.எச். 8.1 அளவில் இருக்கும். காரத்தன்மை 7 அளவு, தொட்டிகளில் 7க்கும் 10க்கும் இடையில் வைத்திருப்பார்கள். கல்சியம் 410, 420. தம்பியின் 360 என்பதும் உப்பு கூடிய தண்ணீரில் எடுத்த 360. சரியான உப்பு மட்டத்தில் அது 330க்குக் கிட்டத்தான்.

இப்போது புதிரைப் பாருங்கள். பீ.எச். குறைவு, அதாவது அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் அமிலத்தைத் தாங்கும் சக்தியான காரத்தன்மையோ இரண்டு மடங்கு. தண்ணீரில் காரம் போதாமல் இருந்தால் காரத்தன்மையும் குறைந்திருக்கவேண்டும். அப்படி இல்லையென்றால் எங்கிருந்தோ அமிலம் வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டிக்குக் கீழே ஒரு டப்பா இருந்தது. பீ.எச். உயர்த்தும் பொடி. அடிப்படையில் சோடியம் ஐதரசன் காபனேற்று வகைதான். பழைய ஆள் விட்டுவிட்டுப் போனது. பீ.எச். குறைவாகக் காட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி போடும்படி கடதாசியில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தான். தம்பி அதன்படி செய்திருக்கிறான். போட்டவுடன் எண் கொஞ்சம் ஏறும், விடிந்தால் பழையபடி. திரும்ப ஒரு கரண்டி. பீ.எச். ஏறவேயில்லை, காரத்தன்மை மட்டும் மேலே மேலே போயிருக்கிறது.

கல்சியம் இறங்கியதும் இதனால்தான். முருகைக்கல் கல் கட்டும்போது கல்சியமும் காபனேற்றும் குறித்த விகிதத்தில் போகும். காரத்தன்மை 2.8 இறங்கினால் கல்சியம் 20 இறங்கும். பொடி ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பியது. மறுபக்கத்தை ஒருவரும் நிரப்பவில்லை. கல்சியம் 80 குறைவதற்கு 11 டீ.கே.எச். அளவு கல் விழுந்திருக்கவேண்டும். அது எல்லாமே முருகைக்கல் கட்டியதும் இல்லை. ஹீட்டரையும் பம்பையும் படம் எடுத்து அனுப்பினான். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படை மாதிரி அப்பியிருந்தது. காரத்தன்மை கூடிய தண்ணீரில் கல்சியம் காபனேற்று சூடான இடத்தில் தானாகவே படிந்துவிடும்.

நுனி கருகியதற்கும் இது பொருந்தி வந்தது. காரத்தன்மை மிகவும் கூடி, பொசுபேற்றும் நைத்திரேற்றும் அருகிப்போன தண்ணீரில் கிளை இனங்களின் நுனி கருகுவதைத் தொட்டி வளர்ப்பவர்கள் நிறையப் பேர் கண்டிருக்கிறார்கள். கல் கட்டும் வேகம் ஓர் பக்கம், தசை வளரச் சாப்பாடு இல்லாதது மறுபக்கம். பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பொட்சைட்டு மணிகள் உள்ள குழாய் ஒன்று நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடச் சொன்னேன்.

மிஞ்சியது ஒரே கேள்வி. அந்த அமிலம் எங்கிருந்து வந்தது?

இதற்கு ஓர் எளிய பரிசோதனை இருக்கிறது. றண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற இரசாயனவியலாளர் தொட்டி நீர் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் முறைதான். தொட்டித் தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்து பீ.எச். அளக்கவேண்டும். பிறகு அந்தக் கோப்பையை வீட்டுக்கு வெளியே வைத்து, சின்னக் காற்றுப் பம்பால் ஒரு மணித்தியாலம் வெளிக்காற்றை ஊதவிட்டுத் திரும்ப அளக்கவேண்டும். ஏறினால் குற்றவாளி வீட்டுக் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு. தம்பி இஷாவுக்குப் பிறகு பின்முற்றத்தில் வைத்து ஊதவிட்டான். 7.8 என்பது 8.3 ஆனது. ஒரு பொடியும் போடாமல்.

ஓகஸ்ட் மாதத்துத் தோஹாவில் ஜன்னல் திறப்பார் யார்? வீட்டில் கபீலின் உம்மா, தம்பிமார் குடும்பங்கள், பிள்ளைகள், வேலையாட்கள். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தருகிறது. எல்லாரும் விடும் மூச்சு உள்ளேயே நிற்கிறது. காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்தால் காபோனிக் அமிலம். இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். தொட்டி அந்த வீட்டாரின் மூச்சைத்தான் இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருந்தது.

தீர்வு, ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். தண்ணீரில் நுரை எழுப்பி அழுக்கை வெளியே தள்ளும் இயந்திரம் நிறையக் காற்றை இழுக்கும். அதன் காற்று வாயில் குழாயைப் பூட்டி, ஏசி பைப் போகும் ஓட்டையால் வெளியே விடச் சொன்னேன். ஐந்து ரியால் செலவு. மூன்றாம் நாள் காலையில் பீ.எச். 8.1.

பொடியை நிறுத்தியாயிற்று. காரத்தன்மை தானாக இறங்கட்டும் என்று விட்டோம். அதை இறக்க அமிலம் ஊற்றுவது சின்னத் தொட்டியில் ஆபத்து. உப்பு திருத்தியதில் கொஞ்சம், கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றியதில் கொஞ்சம், முருகைக்கல் எடுத்ததில் மீதி. மூன்று கிழமையில் 8.2க்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கல்சியம் குளோரைட்டுக் கரைசலைத் தொட்டோம். காரத்தன்மை உச்சத்தில் இருக்கும்போது கல்சியத்தை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து ஹீட்டரில்தான் போய்ப் படியும். ஒரு நாளைக்கு 20 பிபிஎம்முக்கு மேல் ஏற்றவில்லை.

இனித்தான் நம்மட சுண்ணாம்பு வருகிறது.

தொட்டி நிதானத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொரு நாளும் முருகைக்கல் செலவழிக்கும் கல்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்தே கொடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதற்கு உலகத்தில் பழைய வழிகளில் ஒன்று சுண்ணாம்பு நீர். கல்சியமைதரொட்சைட்டு. அது இரண்டையும் சரியான விகிதத்தில் தரும். காபனீரொட்சைட்டையும் பிடித்துக்கொள்வதால் பீ.எச். உயரும். மூத்தம்மா வெத்திலைத் தட்டில் வைத்திருந்த சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான். ஆனால் வெத்திலைச் சுண்ணாம்பைத் தொட்டியில் போடக்கூடாது, அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்லமுடியாது. உணவுத் தரத்தில் உள்ள தூள்தான் வேண்டும்.

அளவும் முக்கியம். நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் பீ.எச். 12க்கு மேல். கையைச் சுடும், கண்ணில் பட்டால் கேடு. அதில் 5 லீட்டரை அந்தத் தொட்டிக்குள் விட்டால் காரத்தன்மை ஒரே நாளில் 1.4 ஏறிவிடும். தொட்டியின் செலவோ நாளுக்கு 0.5. ஆகவே லீட்டருக்கு அரைக் கிராம் மட்டும் கரைத்து, ஆவியாகும் 5 லீட்டருக்குப் பதிலாக இரவில் துளித்துளியாக விழ வைத்தோம். இரவில் அல்காக்கள் ஒளித்தொகுப்பு செய்யாததால் பீ.எச். இறங்கும் நேரம் அது.

இதைத் தம்பிக்கு விளங்கப்படுத்தும்போது எனக்கே மனம் ஒருமாதிரி ஆனது. இந்த நாட்டில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். தென்மேற்குக் கரையில் அக்குரல, ஹிக்கடுவ பக்கமெல்லாம் முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையில் சுட்டார்கள். சுட்டால் காபனீரொட்சைட்டு பறந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் நீறும். அது சுவருக்குப் போனது, வெத்திலைக்குப் போனது. சட்டம் வந்த பிறகும் களவாகத் தோண்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தக் கரையை அளந்து பார்த்தார்கள். பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை கரையிலிருந்து 50 மீற்றர் அளவில் நின்றிருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, முருகைக்கல் தோண்டப்பட்ட பெரலியவில் அதே கடல் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே வந்திருக்கிறது. ரயிலோடு ஆயிரக்கணக்கானோர் போன இடம் அது. நாமும் அந்த நாளைக் கிழக்குக் கரையில் நின்று கண்டவர்கள், கூட எழுதத் தேவையில்லை.

முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த பொருளை, தோஹாவில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் முருகைக்கல்லுக்கே துளித்துளியாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. சுண்ணாம்பு நீருக்குள் ஸ்ட்ரோவால் ஊதினால் பால் நிறமாகும் என்று எல்லா வகுப்பிலும் செய்கிறோம். அதோடு நிறுத்திவிடுகிறோம். இந்த முறை நான் நிறுத்தவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, உறிஞ்சாமல், தொடர்ந்து ஊதச் சொன்னேன். பால் நிறம் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் உண்டானது கல்சியம் காபனேற்று, அதாவது முருகைக்கல்லின் பொருள். காபனீரொட்சைட்டு மேலும் கூடியபோது அதே பொருள் கரைந்து போனது. பின்வரிசையில் இருக்கும் ஒரு பொடியன் கேட்டான்: "அப்படியெண்டா டீச்சர், கடலுக்குள்ள நாம ஊதினா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முழுப் பாடவேளையும் போனது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 280 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடலின் மேற்பரப்பு பீ.எச். 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. சின்ன எண் மாதிரித் தெரியும். பீ.எச். மடக்கை அளவு என்பதால் ஐதரசன் அயன்கள் ஏறக்குறைய 30 வீதம் கூடியிருக்கின்றன. அதோடு வெப்பமும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீஃபிலும் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. 2016இல் திரும்பவும் வெளிறல். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் என்று அறிவித்தார்கள். தோஹாத் தொட்டிக்கு வெளியே நல்ல காற்று இருந்தது, குழாயை நீட்டினோம். கடலுக்கு நீட்ட வெளியே வேறு காற்று இல்லை.

தொட்டியின் கதையை முடிக்கிறேன். அடியிலிருந்து உரிந்த கொத்து முழுவதும் போய்விட்டது. நுனி கருகியதில் இரண்டு பிழைத்தன. ஒக்டோபரில் மொட்டையான நுனிக்குப் பக்கத்தில் புதுப் பொலிப்புகள் வந்திருந்தன. ஒன்று பாதி. சுருங்கிக் கிடந்த விரல் இனம் உப்பு சரியான இரண்டாம் கிழமையே விரிந்துவிட்டது, மாஷா அல்லாஹ்.

கபீல் வந்து முதலில் கேட்டது, செத்தது எது என்றுதான். தம்பி கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அறுபத்துச் சொச்ச நாள், ஒரு நாளும் விடாமல் எண்கள். அவர் கனநேரம் புரட்டிப் பார்த்தாராம். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமை புதிய சோதனைக் கிட் ஒன்று வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

இந்தத் தம்பி சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியடையாதவன். "எனக்கு மண்டையில ஏறாது ராத்தா" என்று புத்தகத்தை மூடினவன். அவன் இப்போது ஒவ்வொரு இரவும் துளித்துளியாக விட்டு, நீலம் மஞ்சளாகும் துளியை எண்ணி எழுதுகிறான். உயர்தரப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் செய்யும் நியமிப்பு அதுதான். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த கற்பித்தல் முறைகள் எல்லாம் ஞாபகம் வருகிறது. அவனுக்கு ஏறாமல் போனது விஞ்ஞானம் இல்லை என்று மட்டும் இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. என் வகுப்பில் பின்வரிசையில் இருப்பவர்களைப் பார்க்கும் பார்வையை அது மாற்றியிருக்கிறது.

தொட்டி பொறுப்பில் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக:

எதையும் ஊற்றுமுன் அள. உப்பை முதலில் அள.
ஆவியானதற்கு நல்ல தண்ணீர் மட்டும்.
பீ.எச். குறைந்தால் காரத்தன்மையைப் பார். அது சரியாக இருந்தால் பொடி வேண்டாம், காற்றைப் பார்.
எந்த எண்ணையும் ஒரே நாளில் திருத்தாதே.
கொப்பி எழுது. முதலாளிக்கு முன்னால் உனக்காகக் கதைப்பது அதுதான்.

நம்மட நாட்டில் யாரும் இதை வாசித்துவிட்டுக் கடலில் போய் முருகைக்கல் பிடுங்கி வீட்டில் வைக்க நினைக்கவேண்டாம். அது சட்டவிரோதம். அதோடு, மேலே எழுதியதை வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு பாடு என்றும் விளங்கியிருக்கும். பெருநாள் விடுமுறைக்குப் பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள், வத்து நேரத்தில் பிள்ளைகளை முருகைக்கல்லுக்கு மேலே ஏறி நின்று படம் எடுக்க விடாதீர்கள். செருப்புக் காலுக்குக் கீழே இருப்பது கல் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அங்கே இருந்தால் அவர்களே வந்து சொல்லித் தருவார்கள்.